எலுமிச்சம்பழம் குத்திய ரைபிள்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஓர் இரும்புக் கடையில் ஒட்டுக்கேட்டேன். அதை முதலிலேயே சொல்லித் தொலைத்துவிட்டால் பிற்பாடு யாரும் என்னைப் பிடித்து உலுக்க வேண்டியிருக்காது.

போல்டன்புரத்தில் எங்கள் வீட்டு வாசல் தாழ்ப்பாள் நான்கு மாதத்துக்கு ஒரு தரம் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். தூத்துக்குடிக் காற்றுக்கும் இரும்புக்கும் அப்படி ஓர் ஆகாமை. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்னப் புட்டி வாங்கலாம் என்று மகாராஜன் அண்ணாச்சி கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் துறைமுகத்து நுழைவு அட்டை தொங்கியது. உருண்டைத் தலை வைத்த பித்தளை ஸ்குரூ ஒன்றும், வால்வு தேய்க்கிற பேஸ்ட் ஒரு டப்பாவும் கேட்டார். எதற்கு என்றார் அண்ணாச்சி. (அவர் ஆணி வாங்கப் போனாலும் எதற்கு என்று கேட்பார். சொல்லாமல் ஆணி கிடைக்காது.)

"ரைபிள் பேரலுக்கு அண்ணாச்சி. வாய்ல தேய்க்கணும்."

"வாய்ல என்ன?"

"எலுமிச்சம்பழம்."

ஓரத்தில் கம்பி வளைத்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அண்ணாச்சி அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஸ்குரூவை எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அவர் கேள்வியைப் பாதியில் நிறுத்தியது அன்றைக்குத்தான்.

நான் தாழ்ப்பாளை மறந்துவிட்டு அந்தப் பெண்ணின் பின்னாலேயே படியிறங்கினேன். கதை எழுதுகிறவன் என்று சொல்லி நின்றேன். இதிலெல்லாம் எனக்கு வெட்கம் கிடையாது. அவர் பெயரை உமாராணி என்று வைத்துக்கொள்வோம். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்னப் பத்தி எழுதுங்க அண்ணாச்சி. ரைபிளப் பத்தியும் எழுதுங்க. எங்கத்தையப் பத்தி மட்டும் ஒரு வரி வரக்கூடாது. நீங்க எழுதுத புஸ்தகத்த அவ்வோ அட்டையில இருந்து விளம்பரம் வரைக்கும் வாசிப்பாவ."

சரி என்றேன். அந்தச் சரியை நான் எப்படி மீறினேன் என்பதுதான் மீதிக் கதை.

2

தொடக்கம் ஒன்று:

அன்று காலை உமாராணி துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அடுக்களையில் அவள் மாமியார் —

இந்த அரை வரியைத்தான் நயினாரிடம் போனில் வாசித்துக் காட்டினேன். நயினார் என் கதைகளைப் போடுகிற வாரப் பத்திரிகையின் ஆசிரியர், நல்ல மனிதர். "அப்போ மாமியாரைத்தான் சுடுதாளா?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு:

பாயின்ட் டூ டூ காலிபர், ஐம்பது மீட்டர், படுத்தபடி சுடும் பிரிவு, அறுபது குண்டு, மொத்தம் அறுநூறு புள்ளி —

இதை வாசிக்க இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் உமாராணி. இன்னொருவர் இதில் பிழை கண்டுபிடிக்கப் போகிறவர்.

தொடக்கம் மூன்று:

முத்துக் குளித்த கொற்கைத் துறையிலிருந்து கடல் விலகிப் போய் —

தூத்துக்குடியில் இருந்துகொண்டு எதை எழுதினாலும் கை தன்னால் முத்துக்குப் போய்விடுகிறது. முத்துக்கும் இந்தக் கதைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இனி முத்து வராது.*

நயினார் மறுபடி கூப்பிட்டார். கதைக்குள் ஒரு துப்பாக்கியைக் கொண்டுவந்து சுவரோரமாகச் சாத்திவிட்டால், முடிவதற்குள் அது வெடித்தாக வேண்டும், யாராவது விழுந்தாக வேண்டும், இது கதையில் பாலபாடம், உனக்கு இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று பத்து நிமிடம் பேசினார். அது எனக்கும் தெரியும். நான் முப்பது வருடமாகத் தெரிந்து வைத்திருப்பது அது ஒன்றுதான். ஆனால் உமாராணியின் ரைபிள் யாரையும் சுடப்போவதில்லை. அது காகித வட்டத்தைச் சுடும். அதற்கு முன்னால் அதைத் துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும். இந்தக் கதையில் நடப்பது அவ்வளவுதான்.

உமாராணியிடம் மூன்று தொடக்கத்தையும் காட்டினேன். மூன்றையும் வாசித்துவிட்டு, துப்பாக்கி என்று எழுதாதீர்கள், ரைபிள் என்று எழுதுங்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். துப்பாக்கி என்றால் எல்லாரும் செத்தவனைத் தேடுகிறார்களாம்.

* ஒரே ஒரு விஷயம். முதல் தொடக்கத்தின் முதல் வரியிலேயே 'மாமியார்' என்ற சொல் வந்துவிட்டதைக் கவனித்திருப்பீர்கள். உமாராணியும் கவனித்தார்.

3

(நேரில் நான் அவரை 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுகிறேன். கதைக்குள் நுழைந்ததும் அவர் 'அவள்' ஆகிவிடுகிறார். தமிழில் கதை எழுதுகிறவனுக்கு இந்தத் திமிர் இலவசம்.)

உமாராணி கப்பல் சரக்குக் கிளியரிங் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தாள். புருஷன் செந்தில்முருகன் சரக்குக் கப்பலில் இஞ்சின் பிரிவில் இருந்தான்; வருடத்தில் எட்டு மாதம் கடலில். வீட்டில் அவளும் மாமியார் தங்கத்தாயும்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் ரைபிள் கிளப்பில் சுட்டு வந்தாள். எட்டு வருடமும் கிளப்பின் பழைய ரைபிள்தான், பதினோரு பேர் தோளில் அழுத்திய ரைபிள். மாநில அணித் தேர்வுக்கு ஐந்நூற்று எண்பது வேண்டும். அவள் எழுபத்து நாலில் நின்றாள், எழுபத்தாறில் நின்றாள், எழுபத்தேழில் ஒரு வருடம் முழுக்க நின்றாள். அந்த மூன்று புள்ளி ரைபிளில் இருக்கிறதா தன்னிடம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்தப் புது ரைபிள். லைசென்ஸ் வாங்கவே இரண்டு வருடம் ஓடியது. ரைபிள் வந்து சேர்ந்தபோது தேர்வுக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

புதுசைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே சுடக்கூடாது. கிளப்பில் ஆயுதங்களைப் பார்த்துக்கொள்கிற பர்னபாஸ் இதைச் சொல்லும்போது விரலை மடக்கி மடக்கிச் சொல்வார். ராணுவத்தில் இருபத்தைந்து வருடம் இதே வேலையைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குத் திரும்பி வந்தவர். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசி அனுப்புகிற கிரீஸை முதலில் முழுக்க எடுத்துவிட வேண்டும். துடைக்கிற கம்பியின் நுனியில் ஊசி மாதிரி ஒரு பித்தளை முனை இருக்கும். அதில் வெள்ளைத் துணித்துண்டைக் குத்தி, பின்பக்கமிருந்து உள்ளே விட்டு வாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். தள்ளிய துணியைத் திருப்பி உள்ளே இழுக்கக் கூடாது. இழுத்தால் வாய் விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போவது அந்த விளிம்பைத்தான். அங்கே தலைமுடி அகலத்துக்கு ஒரு கோளாறு இருந்தாலும் ஐம்பது மீட்டர் தள்ளி அது தெரியும். அப்புறம் மைதானத்தில் ஒரு குண்டு சுட்டு ஒரு தரம் துடைக்க வேண்டும், இப்படிப் பத்துத் தடவை. பிறகு ஐந்து சுட்டு ஒரு தரம்.

இதையெல்லாம்விட ஒன்றை அவர் மூன்று தரம் சொல்லியிருந்தார்.

"சுடுததுக்கு முன்னாடி காய வையி பிள்ள. பூட்டி வைக்கிறதுக்கு முன்னாடி எண்ணெய் வையி. நம்ம ஊர்க் காத்துல வெறும் இரும்ப அரை நாள் வைக்காத."

[எழுதுவதற்காக நானும் ஒரு தரம் கம்பியைத் தள்ளிப் பார்த்தேன். துணி வாய் வழியாக வந்ததும், வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் திருப்பி இழுத்துவிட்டேன். உமாராணி என் கையைத் தட்டிவிட்டது இன்னும் நினைவிருக்கிறது. எழுதுகிறவர்கள் கையில் எதையும் கொடுக்கக் கூடாது என்றார்.]

கறுப்பாக வந்த துணி பழுப்பாகி, பழுப்பு மஞ்சளாகி, கடைசியில் வெள்ளையாகவே வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொடங்கிய வேலை, ஆபீஸுக்குப் போக வர நடுநடுவே செய்தது, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு முடிந்தது. அவள் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாள். திருகித் திருகி ஓடிய வரிகள் கண்ணாடி மாதிரி இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தனக்கென்று ஒன்று இருந்தது.

4

இனி வரவேண்டியது எலுமிச்சம்பழம். அத்தையைக் கொண்டுவராமல் பழத்தை மட்டும் கொண்டுவர முடியுமா என்று நான்கு நாள் முயன்றேன்.

பழத்தை வேலைக்காரி வைத்ததாக எழுதினேன். உமாராணி வீட்டில் வேலைக்காரி கிடையாது. அதற்காக ஒருத்தியை நியமித்தால் அவளுக்கு ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு வாழ்க்கை எல்லாம் கொடுக்க வேண்டும். பழம் அலமாரியிலிருந்து தானாக உருண்டு வந்து விழுந்ததாக எழுதினேன். அதை யாரிடமும் காட்டவில்லை. கடைசியில் எரிச்சல் தாங்காமல், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், வேண்டாம் என்றால் கிழித்துப் போடுகிறேன் என்று உமாராணியிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது என் தொழிலில் வழக்கம்.

நடந்தது இதுதான். ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஒரு கன்டெய்னரின் பேப்பரில் எண் தப்பாகிவிட்டது, சுங்கத்தில் நிறுத்திவிட்டார்கள், உடனே வா. அவள் ரைபிளின் போல்டை (அது இல்லாமல் ரைபிள் சுடாது) கழற்றித் தனியே வைத்துப் பூட்டினாள். ரைபிளை நிமிர்த்தி ஸ்டாண்டில் சாத்தினாள். எண்ணெய்ப் புட்டி மேசையில் இருந்தது. ரைபிள் வைக்கிற இரும்புப் பெட்டி திறந்திருந்தது. அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது, ரைபிள் கட்டையில் மூன்று பட்டைத் திருநீறு இருந்தது. நடுவில் குங்குமம். விசைக்குப் பக்கத்தில் ஒரு முழம் பிச்சிப்பூ. குழல் வாயில், அடியில் வட்டமாக வெட்டித் திருகி இறக்கி, மஞ்சளும் குங்குமமும் தடவிய ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. அது காலை பதினோரு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறது. சாறு உள்ளே இறங்கியிருந்தது.

உமாராணி பழத்தைத் திருகி எடுத்தாள். பின்பக்கமிருந்து ஒரு வெள்ளைத் துணியைத் தள்ளினாள். அது வாய் வழியாகப் பழுப்பாக வந்தது.

5

இந்த இடத்தில் தங்கத்தாயை நான் நம்பாமல் போனேன். அதை மறைப்பதில் பிரயோசனமில்லை.

என் முதல் பிரதியில் அவர் ஒரு பொல்லாத மாமியார். மருமகள் சுடப் போவது பிடிக்காமல், வேண்டுமென்றே, புளிப்பு இரும்பை அரிக்கும் என்று தெரிந்தே வைத்தார் என்று எழுதியிருந்தேன். ஆதாரமும் இருந்தது. மருமகள் வந்த இந்த ஆறு வருடமாக அவர் ரைபிள் என்ற சொல்லைச் சொன்னதே இல்லை. 'அந்த மூட்டை' என்பார். உமாராணி பையைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் புறப்பட்டால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். எப்படிப் போட்டாலும் கணக்கு பொல்லாத மாமியாரில் வந்து நின்றது. நயினார் வாசித்துவிட்டு முதல் தடவையாக சபாஷ் என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

உமாராணி அந்த ஆறு பக்கத்தையும் வாசித்துவிட்டு, நான் அதுவரை கேட்டே இராத குரலில் பேசினார்.

"நீங்க எங்கத்தையப் பாத்திருக்கியளா? ஆறு வருசமா மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போனவ்வோ, அன்னிக்குத்தான் மொதல்ல அதத் தொட்டிருக்காவ. பூ வச்சிருக்காவ. அதப் போயி இப்படி எழுதிட்டு வாரிய."

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்த பேச்சை அப்புறம்தான் எனக்குச் சொன்னார். பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உமாராணி அடுக்களை வாசலில் நின்றபோது, தங்கத்தாய் கூச்சத்தோடு அவளைப் பார்க்காமல், ராகு காலத்துக்கு முன்னாடியே செய்துவிட்டேன் என்றாராம். அவருக்கு ஏரல் பக்கம், ஆற்றங்கரையில் நெல் விளைகிற ஊர். ஊர்ச் சாமி கையில் அரிவாள் உண்டு. அந்த அரிவாள் நுனியில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் குத்தியிருக்கும். வாடினால் மாற்றுவார்கள். ஒரு நாளும் வெறுமனே விட மாட்டார்கள்.

"ஆயுதம்னு ஒண்ணு வீட்டுக்குள்ள வந்துட்டா அது ஒரு காவு கேக்கும்ளா. பழத்தக் குடுத்துட்டா அடங்கிரும். இனி அது ஒருத்தரையும் ஒண்ணும் செய்யாது. நீ தைரியமாப் போயிச் சுடு."

நுனி கூராக இல்லாததால் கொஞ்சம் யோசித்துத்தான் திருகி வைத்தாராம்.

நான் என் பிரதியை மடித்துப் பைக்குள் வைத்தேன். எனக்கு உறைத்தது மாமியாரைத் தப்பாக எழுதியது மட்டுமல்ல. நயினார் போனில் பத்து நிமிடம் கத்திச் சொன்ன விதியும் இதுவும் ஒன்றேதான். துப்பாக்கி உள்ளே வந்தால் யாராவது விழ வேண்டும். நாங்கள் படித்தவர்கள், யாரைத் தள்ளிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். ஏரல்காரர் ஒரு பழத்தை வெட்டி, அந்தக் கடனை முற்பகலிலேயே தீர்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார். முப்பது வருடம் கதை எழுதி எனக்கு இது தோன்றவில்லை. எரிச்சலாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

6

பர்னபாஸ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். வாய் விளிம்பில் காய்ந்த தேயிலை நிறத்தில் ஒரு வளையம். உள்ளே இரண்டு அங்குலத்துக்குப் புள்ளி புள்ளியாக மங்கல். வெளியூர் ஆளிடம் அனுப்பி விளிம்பை மறுபடி வெட்டிக்கொண்டு வரலாம். ஆனால் அனுப்பி வாங்குவதற்குள் தேர்வு முடிந்துவிடும். கையால் தேய்த்துப் பார்க்கலாம் என்றார். அதற்குத்தான் அந்தப் பித்தளை ஸ்குரூ. அதன் உருண்டைத் தலையில் பேஸ்டைத் தடவி, குழல் வாயில் வைத்து, ஒரே பக்கமாகச் சுற்றாமல் சாய்த்துச் சாய்த்து உருட்ட வேண்டும்.

உள்ளே ஒரு துணியை அடைத்துவிட்டு அவர் இரண்டு மணி நேரம் உருட்டினார். உமாராணி எதிரே உட்கார்ந்திருந்தாள். வளையம் பாதி போயிற்று, முக்கால் போயிற்று. ஓரிடத்தில் அரிசி முனை அளவுக்குப் போகவே இல்லை. அதற்கு மேல் தேய்த்தால் விளிம்பு போய்விடும் என்று நிறுத்தினார்.

அவர் பழத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வேறு ஒன்று கேட்டார். "எண்ணெய் வச்சியா?"

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். மூன்றாம் பகுதியில் 'எண்ணெய் வையி' என்று அவரைச் சொல்ல வைத்ததும் நான்தான், நான்காம் பகுதியில் எண்ணெய்ப் புட்டியை மேசையில் வைத்ததும் நான்தான். வைத்துவிட்டு, வாசகர்களைப்போல நானும் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உமாராணி இல்லை என்று தலையசைத்தாள். எண்ணெய் போட இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை அவள் கன்டெய்னருக்குக் கொடுத்தாள். எண்ணெய்ப் படலம் இருந்திருந்தால் சாறு இவ்வளவு பிடித்திருக்காது. ரைபிளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் பழமே ஏறியிருக்காது. பூட்டாமல் போனது சட்டப்படியும் தப்பு. பழம் இல்லாமல் இருந்திருந்தாலும் எட்டு மணி நேரக் கடற்காற்று வெறும் இரும்பை என்ன செய்திருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? செந்தில்முருகனுக்குச் செய்தி அனுப்பியபோது, துருவா, நாங்கள் கப்பலில் தினமும் சுரண்டுவதே அதைத்தான் என்று பதில் வந்தது.

அத்தையைப் பற்றி எழுதக் கூடாது என்று உமாராணி முதல் நாளே சொன்னதற்கு இதுதான் காரணம் என்று அப்போது எனக்குப் புரிந்தது. அத்தையைக் காப்பாற்றுகிற மாதிரி அவர் தன்னையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். கேட்டேன். "ரெண்டுந்தான் அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது.

7

முடிவுகள்.

(அ) உமாராணி தேர்வில் ஐந்நூற்றுத் தொண்ணூறு எடுக்கிறாள். வீட்டுக்கு வந்து மாமியார் காலில் விழுகிறாள். — இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. போகட்டும், எடுத்தாள் என்றே வைத்துக்கொண்டாலும், பழம்தான் ஜெயிக்க வைத்தது என்று ஆகிவிடும். வருடா வருடம் பழம் ஏறும்.

(ஆ) உமாராணி தோற்கிறாள். மாமியாரிடம் உண்மையைச் சொல்கிறாள். தங்கத்தாய் இனி அவள் பொருள் எதையும் —. வேண்டாம். ஆறு வருடம் கழித்துத் திரும்பிய முகம், மறுபடி திரும்பிக்கொள்வதை என்னால் எழுத முடியாது.

(இ) [நயினாருக்காக.] ஒரு குண்டு சத்தம் கேட்டது. உமாராணி திரும்பிப் பார்த்தபோது —

யாரும் இல்லை. பட்டாசு. மன்னிக்கவும், நயினார்.

மூன்றையும் உமாராணி வாசித்தார். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நானும் அதுவரை கேட்கவில்லை. கேட்டால் கதையின் முடிவு கையை விட்டுப் போய்விடும் என்ற பயம். அவராகவே சொன்னார்.

8

ஐந்நூற்று எழுபத்தொன்பது.

நாற்பது குண்டு வரைக்கும் அவள் இதற்கு முன் எப்போதும் சுடாத மாதிரி சுட்டாள். நாற்பத்தோராவது குண்டு காரணமே இல்லாமல் கீழே இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஏழில் விழுந்தது. அடுத்தது மறுபடி பத்து. அதற்குப் பிறகு பெரிய தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஒரு குண்டு எட்டில் விழுந்திருந்தால் எண்பது. அரிசி முனை அளவு துருவா, காற்றா, கன்டெய்னர் ஞாபகம் ஏதாவது விரலில் வந்து உட்கார்ந்ததா? பர்னபாஸிடம் கேட்டேன். அறுபதில் ஒன்று மட்டும் போனால் யாராலும் சொல்ல முடியாது, சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்றார்.

ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. எட்டு வருடமாக நின்ற இடத்தைத் தாண்டிவிட்டாள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தேர்வு இருக்கிறது. இந்த ரைபிளின் விளிம்பை ஒழுங்காக வெட்டிக்கொண்டு வந்தால் போதும். ஒரே ஒரு தடைதான்.

வீட்டுக்கு வந்து, ஒரு புள்ளியில் போயிற்று என்று சொன்னாள். தங்கத்தாய் காபி டம்ளரைக் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்.

"நாந்தாம்ளா காரணம். அன்னிக்கு வச்சது சின்னப் பழம். அதுக்குப் பத்தல போல. ஆயுத பூசைக்கு ஊர்ல இருந்து பெரும் பழமாப் பறிச்சாந்து வைக்கேன். அடுத்த மட்டம் பாரு."

உமாராணிக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. காரணம் நானும்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது "சரி அத்தை" மட்டும்தான். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த சொதி வைத்திருந்தார் அத்தை.

என்னிடம் இதைச் சொல்லி முடித்துவிட்டு உமாராணி தன் நிபந்தனையைத் தானே வாபஸ் வாங்கினார்.

"என்னால அவ்வோ மூஞ்சப் பாத்து சொல்ல முடியாது அண்ணாச்சி. பூசைக்கு ஒரு மாசந்தான் இருக்கு. நீங்க எழுதிருங்க. எண்ணெய் வைக்காமப் போனது நான்தான்னு மொதல்ல வரணும். பெறவுதான் பழம்."

முதலில் வரவில்லை, ஆறாம் பகுதியில்தான் வருகிறது. திருத்தி எழுத எனக்கு அவகாசம் இல்லை. ஒரு எலுமிச்சம்பழத்தைத் தடுக்க இத்தனை பக்கம் எழுத வேண்டியதாகிவிட்டதே என்ற கடுப்பில் இருக்கிறேன்.

9

மற்ற வாசகர்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். இது ஒருவருக்கு மட்டும்.

அக்கா, உங்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். ஆனால் பழம் உங்களுடையதுதான் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் பிரதியில் உங்களைப் பொல்லாதவராக எழுதினேன். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் செய்தது சரி. ஆயுதத்தைப் பற்றி நானும் நயினாரும் அறிந்ததைவிட நீங்கள் கூடுதலாக அறிந்திருக்கிறீர்கள்.

உங்கள் மருமகள் எண்ணெய் வைக்காமல் போனாள். நீங்கள் பழம் வைத்தீர்கள். இரண்டும் ஒரே நாளில் நடந்துபோயிற்று. ரைபிள் கேட்ட காவை அது வாங்கிக்கொண்டது, ஒரு புள்ளி. இனி அதற்கு மேல் கேட்காது என்று நினைக்கிறேன்.

பூசைக்குப் பழம் வைக்கத்தான் வேண்டும், வையுங்கள். பெரும் பழமே வையுங்கள். ரைபிள் பக்கத்திலேயே அதைத் துடைக்கிற கம்பி ஒன்று சாத்தியிருக்கும். அதன் நுனியில் வேல் மாதிரி கூராக ஒரு முனை உண்டு. திருக வேண்டாம், வெட்டவும் வேண்டாம், குத்தினால் நிற்கும். அந்த முனை பித்தளை. எலுமிச்சை பட்டால் பித்தளைக்கு என்ன ஆகும் என்று, வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்குத் தேய்க்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இதழ் வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரும். நீங்கள் அட்டையிலிருந்து வாசித்துக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வரும்போது அவள் அங்கேதான் எங்கேயாவது இருப்பாள், எதையாவது துடைத்துக்கொண்டு. ஏற்கெனவே துடைத்ததையே துடைத்துக்கொண்டிருப்பாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முதலில் என்ன சொல்கிறீர்களோ, அதுதான் இந்தக் கதையின் கடைசி வரி. என்னால் அதை எழுத முடியவில்லை. நான்கு தரம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். கீழே இடம் விட்டிருக்கிறேன். நயினார் அதில் விளம்பரம் எதையும் போடாமல் இருக்க வேண்டும்.

"ஏளா உமா, ....................................................."